ஒரே ஸ்லைடில் நான்கு நோய்கள்: தாடை எலும்பின் அரிய கட்டிகளை இனங்காணும் முறை

உடலின் மற்ற எலும்புகளுக்கு இல்லாத ஒரு நிலைமை தாடை எலும்புகளுக்கு உண்டு. பற்கள் எலும்புக்குள் வேரூன்றி வாய்க்குள் நீட்டிக்கொண்டிருப்பதால், வாயில் வாழும் கிருமிகள் சொத்தையின் வழியாக எலும்பின் உட்புறம் வரை சென்றுவிட முடிகிறது. கருவில் பற்களை உருவாக்கிய திசுவின் எச்சங்களோ வாழ்நாள் முழுவதும் எலும்புக்குள்ளும் ஈற்றுக்குள்ளும் தங்கியிருந்து, சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து நீர்க்கட்டியாகவோ வேறு வகைக் கட்டியாகவோ வளரத் தொடங்குகின்றன. இவற்றோடு எல்லா எலும்புகளுக்கும் பொதுவான நோய்களும் சேர்ந்துகொள்வதால், எக்ஸ்ரே படத்தில் தாடையில் தெரியும் ஒரு கருநிழலுக்குப் பின்னால் இருக்கக்கூடிய நோய்களின் பட்டியல், தொடை எலும்பில் தெரியும் அதே போன்ற நிழலுக்கு உரியதைவிட மிக நீளமானது. அந்த நிழல்களில் பெரும்பான்மை, பல்லின் உட்கூழ் இறந்து வேர்நுனியில் சீழ் பிடித்ததன் விளைவுதான் என்பதால் பல் மருத்துவர் முதலில் அதையே நினைப்பது நியாயம். ஆனால் அரிய நோய்கள் ஒளிந்துகொள்ளும் இடமும் அந்த நியாயமான ஊகத்தின் அடியில்தான்.

இத்தகைய கட்டிகள் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஒரு பல் காரணமின்றி ஆடுவது, இரண்டு பற்கள் விலகிச் சாய்வது, ஒரு பக்கக் கன்னம் மெல்லப் புடைப்பது, கட்டிய பல்செட் திடீரெனப் பொருந்தாமல் போவது ஆகியவையே நோயாளி கவனிக்கும் அறிகுறிகள். இவையும் இல்லாமல், ஞானப்பல்லுக்காகவோ பல்சீரமைப்புக்காகவோ எடுத்த ஓ.பி.ஜி. படத்தில், அதாவது இரு தாடைகளையும் காதிலிருந்து காது வரை ஒரே நீளப் படமாகக் காட்டும் எக்ஸ்ரேயில், தற்செயலாகத் தெரியவருபவையும் பல. எலும்பிலுள்ள தாதுப்பொருளில் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடு கரைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் மாற்றம் புலப்படும் என்பதால், படத்தில் சிறிதாகத் தெரிவது உள்ளே அதைவிடப் பெரிதாக இருக்கலாம்; அதனால்தான் சந்தேகத்துக்கு இடமான நிலையில், கூம்புக் கற்றை சி.டி. எனப்படும் முப்பரிமாணப் படம் தேவைப்படுகிறது.

படத்தைப் படிப்பதில் நிழலின் நிறத்தைவிட அதன் விளிம்பும் இருப்பிடமும் அதிகம் பேசுகின்றன. சுற்றிலும் மெல்லிய வெண்கோடு வரம்பு கட்டியிருந்தால் அது மெதுவாக வளர்ந்தது என்றும், எலும்புக்கு அதைச் சுற்றி அரண் எழுப்ப அவகாசம் கிடைத்தது என்றும் கொள்ளலாம். விளிம்பே தெரியாமல் அரித்தாற்போல் இருந்தால் அது வேகமாகப் பரவும் நோய், புற்றாகவும் இருக்கலாம். கீழ்த்தாடைக்குள் நரம்பும் இரத்தக்குழாயும் செல்லும் கால்வாய்க்கு மேலே நிழல் இருந்தால் பல்சார்ந்த திசுவிலிருந்து அது கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம். கால்வாய்க்குக் கீழே, தாடையின் கோணத்துக்கு அருகே, தெளிவான வரம்போடு இருந்தால் அது பெரும்பாலும் நோயே அல்ல. 1942இல் பல் மருத்துவர் எட்வர்ட் ஸ்டாஃப்னே விவரித்த இந்தக் குழிவு, தாடையின் உட்பக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பி படிந்திருக்கும் ஒரு பள்ளம் மட்டுமே. அதற்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை. ஆயினும் நீர்க்கட்டி என எண்ணித் திறந்து பார்க்கப்பட்ட தாடைகள் உண்டு.

திறந்து பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. இரண்டும் எளியவை, இரண்டும் அடிக்கடி விட்டுப்போகின்றவை. முதலாவது, நிழலுக்கு மேலுள்ள பல் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. பஞ்சுருண்டையில் குளிர்தெளிப்பை அடித்து, உலர்த்திய பல்லின் மேல் வைத்தால், உட்கூழ் உயிரோடுள்ள பல் ஓரிரு நொடியில் சுரீரென்று கூசி, பஞ்சை எடுத்ததும் அடங்கிவிடும். இறந்த பல் எதையும் உணராது. உயிருள்ள பல்லின் வேர்நுனியில் கருநிழல் இருக்குமானால் அது சொத்தையால் வந்த சீழ் அல்ல என்பது அப்போதே ஏறத்தாழ உறுதியாகிவிடுகிறது. கீழ் முன்பற்களின் வேர்நுனிகளில் நடுத்தர வயதுப் பெண்களிடம் பெரிதும் காணப்படும் ‘சிமெண்டோ ஆசியஸ் டிஸ்பிளேசியா’ என்ற நிலை, அதாவது வேரைச் சுற்றியுள்ள எலும்பு நார்த்திசுவாக மாறிப் பிறகு காலப்போக்கில் மீண்டும் கெட்டிப்படும் நிலை, தொடக்கத்தில் சீழ்க்கட்டியைப் போலவே கறுப்பாகத் தெரிவதால், குளிர்ச் சோதனை செய்யப்படாத இடங்களில் நல்ல பற்களுக்கு வேர்சிகிச்சை நடந்துவிடுகிறது. இந்த நிலைக்கு மருந்தும் வேண்டாம், பயாப்சியும் வேண்டாம். ஈறும் பற்களும் சுத்தமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அவ்வப்போது படம் எடுத்துக் கவனித்தால் போதும். இரத்த ஓட்டம் குறைந்த அந்தக் கெட்டி எலும்பைத் தேவையின்றிக் கிளறினால் கிருமி புகுந்து ஆறாத புண்ணாகிவிடும் என்பதால், இங்கே சும்மா இருப்பதுதான் சரியான சிகிச்சை.

இரண்டாவது, கத்தி வைப்பதற்கு முன் ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது. வைக்கோல் நிறத் திரவம் வந்தால் நீர்க்கட்டி. பாலாடைக்கட்டி போன்ற வெண்பொருள் வந்தால் கெரட்டின் நிறைந்த ஒடோன்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட் எனப்படும் நீர்க்கட்டி. பளிச்சென்ற சிவப்பு இரத்தம் தானாகவே சிரிஞ்சின் தண்டைத் தள்ளிக்கொண்டு வந்தால், எலும்புக்குள் தமனியும் சிரையும் பின்னிக்கிடக்கும் இரத்தக்குழாய்க் கோளாறு. இந்தக் கடைசி வகையை அறியாமல் ஒரு பல்லைப் பிடுங்கியதால் இரத்தப்போக்கை நிறுத்த முடியாமல் உயிரிழப்பு நேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. ஒரு சிரிஞ்சும் ஒரு நிமிடமும் போதுமான இந்தச் சோதனையைத் தவிர்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகு கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்து அனுப்பினால் நோய்க்குறியியல் வல்லுநர் பெயரைச் சொல்லிவிடுவார், பிரச்சினை முடிந்தது என்றே பலரும் கருதுகின்றனர். தாடை எலும்பைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை எவ்வளவு குறையுடையது என்பதை ராட்சத செல் கட்டிகளைப் போல வேறெந்த நோயும் காட்டுவதில்லை.

கீழ்த்தாடையின் முன்பகுதியைத் திறந்ததும் பழுப்புச் சிவப்பில், மிருதுவாக, தொட்டதும் கசியும் ஒரு திசு வெளிப்படுகிறது என்று கொள்வோம். அதை மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், கதிர் வடிவச் செல்கள் நெருக்கமாகக் கிடக்கும் பரப்பில், ஒரே உடலுக்குள் ஐந்தோ பத்தோ இருபதோ உட்கருக்களைக் கொண்ட பெரிய செல்கள் கொத்துக்கொத்தாக நிற்பது தெரியும். அவற்றைச் சுற்றிப் பழைய, புதிய இரத்தக்கசிவும், சிதைந்த இரத்தத்திலிருந்து பிரிந்த ஹீமோசிடெரின் என்ற இரும்புச் சத்துள்ள பழுப்புத் துகள்களும் பரவியிருக்கும். இந்த ராட்சத செல்கள், எலும்பை இயல்பாகக் கரைத்துப் புதுப்பிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களின் இனத்தவை. இந்த ஒரே காட்சியைத் தருகின்ற நோய்கள் குறைந்தது நான்கு: மைய ராட்சத செல் கிரானுலோமா, பாராதைராய்டு மிகைச் சுரப்பால் வரும் பழுப்புக் கட்டி, செருபிசம், அனூரிசமல் எலும்பு நீர்க்கட்டி. நுண்ணோக்கியை மட்டும் நம்பி இந்த நான்கையும் ஐயமின்றிப் பிரித்துவிட முடியாது என்பதால்தான், பொறுப்புள்ள நோய்க்குறியியல் அறிக்கை ‘ராட்சத செல் நோய்மாற்றம்; நோயாளியின் விவரங்களோடும் இரத்தச் சோதனைகளோடும் ஒப்பிட்டு முடிவு செய்க’ என்ற வகையில் எழுதப்படுகிறது. அந்தப் பிற்பாதி வரியைப் படிக்காமல் அறுவை அரங்குக்குப் போவதுதான் மிகப் பெரிய தவறு.

மைய ராட்சத செல் கிரானுலோமாவுக்குத் தனி அடையாளம் தந்தவர் நியூயார்க்கின் எலும்பு நோய்க்குறியியல் அறிஞர் ஹென்றி ஜாஃபி. நீண்ட எலும்புகளின் முனைகளில் வரும் ராட்சத செல் கட்டியும் தாடையில் வருவதும் ஒன்றல்ல என்று அவர் 1953இல் வாதிட்டு, தாடையில் வருவது காயத்தைச் சீர்செய்ய உடல் எடுக்கும் முயற்சியின் விளைவு என்ற கருத்தில் அதற்கு ‘சீராக்கும் கிரானுலோமா’ என்று பெயரிட்டார். பல நேரங்களில் இது எதையும் சீராக்குவதில்லை, எலும்பை அழிக்கிறது என்று தெரிந்த பின் அந்த அடைமொழி கைவிடப்பட்டது. 2018இல் இக்கட்டிகளில் பெரும்பாலானவற்றில் டிஆர்பிவி4, கேஆர்ஏஎஸ், எஃப்ஜிஎஃப்ஆர்1 ஆகிய மரபணுக்களில் திடீர் மாற்றங்கள் கண்டறியப்பட்டதும், இதை வெறும் எதிர்வினை என்று சொல்வது மேலும் கடினமாகிவிட்டது. முப்பது வயதுக்கு உட்பட்டோரிடம், ஆண்களைவிடப் பெண்களிடம், மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில், கடைவாய்ப் பற்களுக்கு முன்னுள்ள பகுதியில் இது அதிகம் வருகிறது. சில நேரம் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கமும் செல்கிறது. நெதர்லாந்தில் நாடு தழுவிச் செய்த கணக்கெடுப்பு, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே இது வருகிறது என்று காட்டியது. பெரும்பாலானவை சாதுவாக வளர்கின்றன. வலி, வேகமான வளர்ச்சி, பல்வேர் கரைதல், எலும்பின் வெளிச்சுவர் துளைபடுதல், ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அளவு, நீக்கிய பின் மீண்டும் வளர்தல் ஆகிய இயல்புகள் உள்ளவை மூர்க்கமானவை என்று தனியாக வகுக்கப்படுகின்றன. சிகிச்சையைத் தீர்மானிப்பது இந்த வகுப்பே.

அதே வயதுக்காரருக்கு, அதே இடத்தில், அதே தோற்றத்தோடு வரும் பழுப்புக் கட்டியின் மூலமோ தாடையிலேயே இல்லை. கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறம், ஒவ்வொன்றும் 50 மில்லிகிராம்கூட எடையில்லாத நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன; இரத்தத்தில் கால்சியத்தின் அளவு குறைந்தால் ஹார்மோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை இரத்தத்துக்கு வரவழைப்பது அவற்றின் வேலை. அவற்றில் ஒன்று கட்டியாக வீங்கி அளவின்றிச் சுரந்தால், எலும்புக்கூடு முழுவதும் கரையத் தொடங்குகிறது. மிகுதியாகக் கரையும் இடத்தில் ராட்சத செல்கள் குவிந்து, இரத்தம் கசிந்து, பழுப்பு நிறக் கட்டி உருவாகிறது.

இந்தத் தொடர்பை மருத்துவம் புரிந்துகொள்ள ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று. எலும்பு நாராகவும் குழிகளாகவும் மாறும் நோயை நோய்க்குறியியல் அறிஞர் வான் ரெக்லிங்ஹவுசன் 1891இல் விரிவாக எழுதினார். அத்தகைய நோயாளிகளிடம் பாராதைராய்டு பெருத்திருப்பது பிறகு கவனிக்கப்பட்டபோது, எலும்பு நோய்க்கு ஈடுகொடுக்கவே சுரப்பி வளர்கிறது என்று காரணமும் விளைவும் தலைகீழாகப் பொருள்கொள்ளப்பட்டன. 1915இல் நோய்க்குறியியல் அறிஞர் ஷ்லாகென்ஹௌஃபர், சுரப்பியே நோயின் மூலமாக இருக்கலாம், அதை நீக்கிப் பார்க்கலாம் என்று சொன்னார். 1925இல் வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் என்ற அறுவை மருத்துவர், எலும்புகள் முறிந்து நடக்க முடியாமல் போன ஒரு டிராம் நடத்துநருக்கு, அக்கால நம்பிக்கைப்படி முதலில் பாராதைராய்டு சாற்றைக் கொடுத்தும் இன்னொருவரின் சுரப்பியைப் பொருத்தியும் பார்த்தார், நிலைமை தேறவில்லை. அதன் பிறகே கழுத்தைத் திறந்து பெருத்த சுரப்பியை அகற்றினார்; சிறுநீரில் வெளியேறிக்கொண்டிருந்த கால்சியம் குறைந்தது, எலும்புகள் கெட்டிப்பட்டன, அந்த மனிதர் மீண்டும் நடந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் நோய் திரும்பியது என்றாலும், எலும்பின் நோய்க்கு எலும்பைத் தொடாமல் சிகிச்சை செய்யலாம் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

இந்தியாவில் இந்தச் செய்திக்குக் கூடுதல் அவசரம் உண்டு. வழக்கமான இரத்தச் சோதனையில் கால்சியம் சேர்க்கப்பட்டுள்ள மேலைநாடுகளில் பாராதைராய்டு மிகைச் சுரப்பு எலும்பைத் தொடும் முன்பே பிடிபட்டுவிடுகிறது. இங்கே அது இன்றும் எலும்பு வலி, முறிவு, சிறுநீரகக் கல், தாடைக் கட்டி என முற்றிய நிலையிலேயே பெரும்பாலும் வெளிப்படுகிறது. வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதால், நோய் உள்ளவரிடமும் கால்சியம் இயல்பான, டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற எல்லைக்குள்ளேயே காணப்பட்டு ஏமாற்றிவிடக்கூடும். ஆகவே கால்சியத்தோடு பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்படேஸ், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நாட்பட்ட சிறுநீரக நோயால் டயாலிசிஸ் செய்துகொள்வோரிடம் நான்கு சுரப்பிகளும் தூண்டப்பட்டு இதே கட்டி வரலாம் என்பதால், தாடை வீங்கிய நோயாளியிடம் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்பது பல் மருத்துவரின் கடமைகளுள் ஒன்று. ஓ.பி.ஜி. படத்திலும் ஒரு தடயம் உண்டு: பல்வேரைச் சுற்றியுள்ள குழியின் உட்சுவர் ஆரோக்கியமானவரிடம் மெல்லிய வெண்கோடாகத் தெரியும், இந்நோயில் அக்கோடு ஒரு பல்லில் மட்டுமின்றிப் பல பற்களிலும் மறைந்துபோகிறது. நோயுற்ற சுரப்பியை நீக்கினால் அடுத்துவரும் மாதங்களில் தாடைக் கட்டி பெரும்பாலும் தானே சுருங்கி எலும்பாக நிரம்பிவிடுகிறது. இதை அறியாமல் தாடையை வெட்டியெடுத்தால் நோயாளிக்கு நோயும் தீர்வதில்லை, தாடையும் மிஞ்சுவதில்லை.

செருபிசம் வேறு வகை. கனடாவைச் சேர்ந்த வில்லியம் ஜோன்ஸ் 1933இல் ஒரே குடும்பத்துக் குழந்தைகளிடம் விவரித்த இந்த மரபுநோய், எஸ்எச்3பிபி2 என்ற மரபணுவின் மாற்றத்தால் வருகிறது என்பது 2001இல் தெரிந்தது. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் இரு பக்கக் கீழ்த்தாடைகளும், சிலருக்கு மேல்தாடைகளும் சமச்சீராகப் புடைக்கின்றன; கண்ணின் அடித்தளம் உயர்வதால் கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரிய, குழந்தை எப்போதும் மேல்நோக்கிப் பார்ப்பது போலிருக்கும். பருவமடையும் காலத்துக்குப் பின் வளர்ச்சி நின்று, எலும்பு படிப்படியாகத் தானே சீர்ப்படுவதால், பார்வைக்கோ மூச்சுக்கோ இடையூறு இல்லாத வரை அறுவையைத் தள்ளிப்போடுவதே முறை. பள்ளியில் கேலிக்கு ஆளாகும் ஒரு குழந்தையின் பெற்றோரிடம் பத்து ஆண்டு பொறுத்திருங்கள் என்று சொல்வது மருத்துவருக்கும் எளிதன்று. ஆனாலும் சொல்லியாக வேண்டும். அனூரிசமல் எலும்பு நீர்க்கட்டியோ சுவரில்லாத இரத்தக் குளங்களால் ஆனது; அதன் யுஎஸ்பி6 மரபணு மாற்றத்தை இப்போது ஆய்வகத்தில் சோதித்து அறிய முடிகிறது.

மற்ற மூன்றும் விலக்கப்பட்டு மைய ராட்சத செல் கிரானுலோமாதான் என்று உறுதியான பிறகு, வழக்கமான சிகிச்சை கட்டியைச் சுரண்டி எடுப்பது. சாதுவான வகைக்கு இது பெரும்பாலும் போதும். மூர்க்கமான வகையில் மீண்டும் மீண்டும் வளரும் வாய்ப்பு மிகுதி. முழுப் பகுதியையும் வெட்டி நீக்கினால் பெரும்பாலும் திரும்பாது என்றாலும், பதினைந்து வயதுப் பெண் தன் தாடையில் பாதியைப் பற்களோடும் நரம்போடும் இழப்பது எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதனால்தான் 1980களின் இறுதியிலிருந்து மருந்துவழிச் சிகிச்சை தேடப்பட்டது. ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டை மரப்பு மருந்தோடு கலந்து வாரம் ஒருமுறை, ஏறத்தாழ ஆறு வாரம் கட்டிக்குள்ளேயே செலுத்துவது முதலில் வந்தது. செலவு குறைவு, பலருக்குப் பலனும் உண்டு, ஆனால் நீரிழிவு உள்ளவரிடம் எச்சரிக்கை தேவை. ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை அடக்கும் கால்சிடோனின் ஹார்மோனை ஊசியாகவோ மூக்குத் தெளிப்பாகவோ தருவது 1993இல் அறிமுகமானது. அதற்கு ஓராண்டுக்கும் மேற்பட்ட பொறுமை வேண்டும்.

இந்த வரிசையில் புதியது டெனோசுமாப். ராட்சத செல்கள் தாமாகப் பெருகுபவை அல்ல, சுற்றியுள்ள கதிர் வடிவச் செல்கள் ராங்க்எல் என்ற புரதத்தின் மூலம் அவற்றை அழைத்து உருவாக்குகின்றன என்ற புரிதலின் மேல் எழுந்த மருந்து இது. அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்குவதால் ராட்சத செல்கள் மறைந்து, கட்டியிருந்த இடத்தில் புது எலும்பு படிகிறது. நீண்ட எலும்புகளின் ராட்சத செல் கட்டிக்கு இது 2013இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது; தாடையில் பயன்படுத்தியபோதும் கட்டி சுருங்கியிருக்கிறது. ஆனால் அழைக்கும் செல்களை இது கொல்வதில்லை என்பதால் மருந்தை நிறுத்தினால் கட்டி திரும்பலாம். வளரும் குழந்தைகளிடம் நிறுத்திய சில மாதங்களில் இரத்தக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு எகிறிய நிகழ்வுகள் உண்டு. நீண்ட காலம் பெறுபவர்களுக்குத் தாடை எலும்பே உயிரிழந்து வெளித்தெரியும் நிலையும் வரலாம். ஆகவே கட்டியைச் சுருக்கி அறுவையின் அளவைக் குறைக்க இது நல்ல துணை என்பதே இப்போதைக்குச் சரியான மதிப்பீடு. அறுவைக்கு முழு மாற்று என்று விளம்பரப்படுத்துவது பொருந்தாது.

பொறுமையை இவ்வளவு வலியுறுத்திய பின், பொறுமை கேடாகும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். பல்லாக்கும் திசுவிலிருந்து கிளம்பும் அமெலோபிளாஸ்டோமா புற்றுநோய் அல்ல என்று சொல்லப்பட்டாலும், கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி எலும்பின் மச்சை இடுக்குகளில் ஊடுருவுவதால், அதன் பரவும் வகையைச் சுரண்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்புகிறது. ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நல்ல எலும்போடு சேர்த்து வெட்டி, இழந்த இடத்தைக் கால் எலும்பான ஃபிபுலாவை இரத்தக்குழாயோடு எடுத்துவந்து நிரப்புவதே நிலைத்த முறை. தாடையின் ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்று, கால் எலும்பில் வருவதைப் போலப் பதின்வயதில் அல்லாமல் பெரும்பாலும் முப்பதுகளில் வருகிறது. தொடக்கத்தில் ஓரிரு பற்களைச் சுற்றியுள்ள இணைப்புத்திசுவின் இடைவெளி சீராக அகன்றிருப்பது மட்டுமே படத்தில் தெரியலாம். பல் பிடுங்காமலும் அடிபடாமலும் கீழுதடும் தாடை நுனியும் ஒரு பக்கம் மரத்துப்போனால், அது வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை புற்றாகவே கருதப்பட வேண்டும்; மார்பகத்திலோ நுரையீரலிலோ ஒளிந்திருக்கும் புற்று தன்னை முதன்முதலில் இப்படி அறிவித்த நோயாளிகள் உண்டு. இந்த ஒரு அறிகுறிக்கு மட்டும் ‘பார்க்கலாம்’ என்ற சொல் கூடாது.

தாடையில் கட்டி என்று சொல்லப்பட்டவர்கள் செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு. பழைய எக்ஸ்ரே படம் எதையும் தூக்கிப் போடக் கூடாது, ஏனெனில் வளர்ச்சியின் வேகத்தை இரண்டு படங்களை ஒப்பிட்டே அறிய முடியும். பயாப்சி அறிக்கையோடு ஸ்லைடையும் திசு பதித்த மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், மறுபடி சதையை வெட்டாமலேயே இன்னொரு வல்லுநரின் கருத்தைப் பெறலாம். ‘ராட்சத செல்’ என்ற சொல் அறிக்கையில் இருந்தால், அறுவைக்கு நாள் குறிக்கும் முன் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்கப்பட்டனவா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். சிகிச்சை முடிந்து வலியும் வீக்கமும் போன பிறகும், படம் எடுக்கச் சொன்ன தேதிகளில் பல ஆண்டுகள் தவறாமல் செல்லுங்கள்.